படத்துக்குக் கீழே பாறையின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் நடுப்பக்கம் முழுக்க மலைகளும் ஆற்றுப் பள்ளங்களுமாகப் படம் போட்டிருந்தீர்கள். அச்சு நன்றாக வந்திருந்தது. நியூஸ்பிரிண்டில் பாறைச் சிவப்பு பிசகாமல் வருவது லேசான காரியமில்லை. அச்சுப் பிரிவில் யாரோ கண் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஆனால் படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். 'கண்ணைக் கவரும் கண்டிகோட்டா.' 'மனதை மயக்கும் பனிச்சிகரம்.' 'இயற்கை அன்னையின் கைவண்ணம்.' அது என்ன பாறை, எந்தக் காலத்துப் பாறை, எந்த ஆறு அறுத்தது, எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒரு படத்துக்கும் ஒரு வார்த்தை இல்லை.

நான் காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான், டிரோன் பறக்கவிடுகிறான். நான் எடுத்ததெல்லாம் கல்யாணம், அறுபதாங்கல்யாணம், புதுமனை, பாஸ்போர்ட் சைஸ். அந்தக் காலத்தில் எங்கள் ஸ்டுடியோவில் பின்னால் ஒரு துணித்திரை தொங்கும். அதில் பனிமலை, மலையடியில் ஏரி, ஏரிக்கரையில் இரண்டு தென்னைமரம். மலையில் வெயில் இடதுபக்கமிருந்து விழும், ஏரியில் வலதுபக்கமிருந்து விழும். அந்தத் திரைக்கு முன்னால் நிற்காத குடும்பம் இந்த வட்டாரத்தில் குறைவு. ஒருவரும் அது எந்த மலை என்று கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் அது எந்த மலையும் இல்லை. உங்கள் நடுப்பக்கத்தில் நிஜ மலைகளை அந்தத் திரை மாதிரி ஆக்கிவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஆந்திராவில் கடப்பா பக்கம் இருக்கும் கண்டிகோட்டாவிலிருந்து தொடங்குகிறேன். அதை 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதிவிட்டீர்கள். இரண்டும் ஆறு அறுத்த பள்ளம், இரண்டும் சிவப்பு. ஒற்றுமை கிட்டத்தட்ட அத்தோடு சரி.

அமெரிக்காவுக்கு நான் போனதில்லை. ஆனால் அங்கே பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்தவர்கள் கொண்டுவரும் படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தே கிராண்ட் கேன்யன் எனக்குப் பழக்கமாகிவிட்டது. எல்லோரும் கம்பிக்கு இந்தப் பக்கம், பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுமத்தியானத்தில் நிற்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதைத்தான் நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம். சுவர் ஒரே செங்குத்தாக இறங்காது, படிப்படியாக இறங்கும். ஏன் படி? சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் கடினம், அவை செங்குத்தாக நிற்கும். நடுவில் வரும் களிக்கல், அதாவது களிமண் இறுகிய கல், மிருதுவானது, கரைந்து சரிவாகிவிடும். கடினம், மெது, கடினம், மெது என்று மாறி மாறி வருவதால் படி. விளிம்பில் நம் ஆட்கள் செருப்புக் காலோடு நிற்கும் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது சுமார் 27 கோடி ஆண்டு. அடியில் கொலராடோ ஆறு உரசிக்கொண்டு ஓடும் கரும்பாறைக்கு 170 கோடிக்கு மேல். அந்த அடிப்பாறையின் பெயர் விஷ்ணு. பள்ளத்துக்குள் நிற்கும் குன்றுகளுக்கு விஷ்ணு, சிவன், பிரம்மா என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். 1880-களில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளருக்கு அப்படி ஒரு ஆசை.

அங்கே இன்னொரு விசேஷம் உண்டு. அந்த விஷ்ணுப் பாறைக்கு மேலே பல இடங்களில் நேராக உட்கார்ந்திருப்பது சுமார் 50 கோடி ஆண்டு வயதுள்ள மணற்கல். நடுவில் நூறு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துப் படிவு காணோம். படிந்து, பிறகு அரிபட்டுப் போய்விட்டது. படத்தில் அது ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால், பல் துலக்கிக்கொண்டே பக்கத்தைப் புரட்டுகிற வாசகர்கூட நின்று பார்த்திருப்பார்.

கண்டிகோட்டா கதை வேறு. கடப்பா வரை ரயில், அங்கிருந்து ஜம்மலமடுகு வழியாக ரோடு. கோட்டைக்குள் மசூதி, மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், தானியக் களஞ்சியம் எல்லாம் தாண்டிப் போனால் கற்குவியல் முடிகிற இடத்தில் கீழே பெண்ணாறு. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து வருகிற ஆறு எர்ரமலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. ஆழம் சில நூறு அடிதான், ஒன்றரைக் கிலோமீட்டர் இல்லை. அங்கே படி கிடையாது, ஏனென்றால் களிக்கல் நடுவில் வந்து சரியவில்லை. ஒரே கடினமான குவார்ட்சைட். ஒரு காலத்தில் கடற்கரை மணலாகவும் ஆழமில்லாத கடலின் மணலாகவும் கிடந்தது, புதைந்து இறுகி, மணலுக்கும் மணலுக்கும் இடையிலேயே மணல்சத்து உறைந்து கல்லாகிப்போனது. அந்த மணல் படிந்த காலத்தில் உலகத்தில் மீன் இல்லை, புழு இல்லை, கரையில் புல் இல்லை. அப்படிப்பட்ட கல் தேயாது, வெடிக்கும். குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு விட்டுச் சதுரம் சதுரமாகப் பிரியும். ஆறு அடியை அறுக்க அறுக்க மேலிருக்கும் கட்டி நழுவி விழும். அதனால்தான் அந்தச் சுவர் யாரோ கட்டிவைத்த மதில் மாதிரி நிற்கிறது. கோட்டை கட்டினவர்களுக்குக் கல் வெட்டுகிற வேலை பாதி மிச்சம்.

இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் கண்டிகோட்டாவுக்குத்தான் நஷ்டம். அதன் பாறை, கிராண்ட் கேன்யனின் மேற்படிகளில் இருக்கும் பாறையைவிட எத்தனையோ பழையது. பெரியதன் பெயரைச் சின்னதுக்குக் கடன் வாங்கிப் போட்டால், சின்னதில் இருக்கிற பழசு தெரியாமல் போய்விடுகிறது.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். ஸ்டுடியோவில் வயதான ஆச்சிகளைப் படம் எடுக்கும்போது முகச் சுருக்கம் தெரியக் கூடாது என்று விளக்கை நேர் எதிரே வைப்போம். பாறைக்கு விளக்கு பக்கவாட்டில் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் நிழல் இல்லை, நிழல் இல்லாவிட்டால் படிவுக்கோடு தெரியாது, படிவுக்கோடு தெரியாவிட்டால் அது வெறும் சிவப்புச் சுவர். உங்கள் கண்டிகோட்டாப் படம் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு எடுத்தது, பாறையடி நிழலைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். அப்படி எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் சிவப்பை ஏற்றியிருக்கிறார்கள். அதே பக்கத்தில் இமயமலைப் படத்தில் மேகத்துக்கு ஒரு பக்கம் வெயில், மலைக்கு மறுபக்கம் வெயில். வானத்தை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். 1855-ல் பர்மாவில் படம் எடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப்கூட நெகட்டிவ் மேல் தூரிகையால் மேகம் வரைந்தவர்தான். அந்தக் காலத்து நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டால் நீலவானம் வெள்ளையாக வெளுத்துப்போகும், அவருக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு என்ன வந்தது?

கொடைக்கானல் தூண் பாறைக்கு வருகிறேன். ஏறத்தாழ 400 அடி உயரம், மேகம் வந்தால் மறையும், எல்லோருக்கும் தெரியும். அது சார்னகைட் என்ற பாறை, பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவானது. நீலகிரியும் ஏற்காடும் பல்லாவரமும் அந்த இனம்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு மெட்ராஸ் பக்கத்திலிருந்து போன கல்லை வைத்து, தாமஸ் ஹாலந்து 1893-ல் அந்தப் பெயரைக் கொடுத்தார். இங்கே இருக்கிற மலைக்கு அங்கே இருக்கிற சமாதியிலிருந்து பெயர். இதைவிடச் சுவாரசியமாகவா 'மேகம் தழுவும் மலை முகடு' என்று எழுதிவிட்டீர்கள்?

இமயமலைக்குப் போனது எனக்கு வேலையாகக் கிடைத்தது. எங்கள் ஊர்களிலிருந்து காசி, கயா முடித்துக்கொண்டு நேபாளத்து முக்திநாத் போகும் யாத்திரைக் குழு ஒன்றுக்கு வீடியோவும் படமும் எடுக்கக் கூட்டிப்போனார்கள். வழியில் ஜோம்சோமில் இறங்கியதும் தலைக்கு மேலே ஒரு வெள்ளைச் சிகரம். பெயர் கேட்டால் நீலகிரி என்றார்கள், 7,061 மீட்டர். "ஊட்டிக்கா வந்திருக்கோம்?" என்று நம் ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. அங்கே காலையில்தான் விமானம், காலையில்தான் படம். வெயில் ஏறியதும் தெற்கேயிருந்து பள்ளத்தாக்கு வழியாக ஒரு காற்று புறப்படும் பாருங்கள், ட்ரைபாடில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டாலும் நிற்காது. மண்ணை அள்ளி லென்ஸில் அடிக்கும். மேலே திபெத்துப் பீடபூமி சூடாகிக் காற்றை மேலே இழுப்பதால் வருகிற காற்று அது.

அந்தப் பள்ளத்தாக்கு காளி கண்டகி. உலகின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்று என்கிறார்கள். ஒரு பக்கம் தவளகிரி 8,167 மீட்டர், மறுபக்கம் அன்னபூர்ணா 8,091 மீட்டர், நடுவில் ஆறு ஏறத்தாழ 2,500 மீட்டரில். கணக்குப் போட்டால் ஆழம் ஐந்தரைக் கிலோமீட்டர். ஆனால் படத்தில் அது வராது. என்னிடம் இருந்த எந்த லென்ஸிலும் ஆறும் இரண்டு சிகரமும் ஒன்றாக அடங்கவில்லை. அகல லென்ஸ் போட்டால் சிகரம் சுருங்கிப் போகும். நீள லென்ஸ் போட்டால் ஆறு விட்டுப்போகும். இந்த இடத்தில் எழுத்துதான் படத்துக்குக் கை கொடுக்க வேண்டும், 'பிரமாண்டம்' என்ற ஒரு சொல் போதாது.

அந்த ஆறு எப்படி இவ்வளவு பெரிய மலைத்தொடரைக் குறுக்கே கடக்கிறது? மலை எழுந்த பிறகு வந்த ஆறாக இருந்தால் சுற்றிக்கொண்டு போயிருக்கும். ஆறு முன்பே ஓடிக்கொண்டிருந்தது, மலை மெல்ல எழுந்தது, எழ எழ ஆறு அறுத்துக்கொண்டே இருந்தது என்பது நிலவியலாளர்கள் சொல்லும் விளக்கம். இமயம் இன்னும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. ஆறும் நிறுத்தவில்லை.

முக்திநாத்தில் சாளக்கிராமம் விற்பார்கள். ஆழ்வார் பாடிய தலம் என்பதால் நம் பக்கத்தார் விடுவார்களா? எங்கள் குழுவில் தேவகோட்டை ஆச்சி ஒருவர் பார்த்துப் பார்த்து ஒன்று வாங்கினார். கருப்புக் கல், ஒரு பக்கம் உடைந்து உள்ளே அழகான சுருள். அறையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, உள்ளாற இந்தச் சுருளை யாரு செதுக்குனது?"

"யாரும் செதுக்கலை ஆச்சி. அது கடல்ல இருந்த ஒரு பிராணியோட ஓடு. கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. செத்துச் சேத்துல புதைஞ்சு கல்லாப் போச்சு. சுமாரா பதினஞ்சு கோடி வருசம் இருக்கும்."

"கடல்லயா? இம்புட்டு ஒசரத்துலயா?"

"அப்ப இது ஒசரமில்லை ஆச்சி. இந்த இடமே கடலுக்கு அடியில இருந்துச்சு."

அவர் மனம் கோணுவாரோ என்று எனக்கு யோசனைதான். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெருமாள் பள்ளிகொண்டது கடல்லதானே, பின்னே வேற எங்க இருப்பாரு?" என்று சொல்லி, முந்தானையில் துடைத்து, பட்டுத்துணியில் முடிந்துகொண்டார். அத்தோடு விடவில்லை. "சரி, அப்ப அந்தக் கடல் எங்க போச்சு?" என்றார்.

உங்கள் பக்கத்தில் நான் தேடியது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான். நம்முடைய இந்தியத் துண்டு ஒரு காலத்தில் தெற்கே ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டியிருந்தது. பிய்த்துக்கொண்டு வடக்கே நகர்ந்தது. முன்னால் இருந்த டெதிஸ் என்ற கடல் சுருங்கிக்கொண்டே வந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் துண்டு ஆசியாவில் போய் முட்டியது. நடுவில் இருந்த கடலடிச் சேறும் சுண்ணாம்பும் மடங்கி மேலே எழுந்தன. எவரெஸ்ட் உச்சியில் இருப்பதே கடல் சுண்ணாம்புக்கல்தான், அதற்குள் பழைய கடற்பிராணிகளின் துண்டுகள் உண்டு. இதை நான் வண்டியில் வரும்போது சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்த ஆச்சி, "நீ இதையெல்லாம் அந்தக் கேசட்டுல பேசிச் சேத்துரு" என்றார். வீடியோவை இன்றும் அவர் கேசட் என்றுதான் சொல்லுவார். சேர்த்தேன். அந்தக் குழுவில் இருந்தவர்கள் வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் அந்தப் பகுதியைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள், கோயில் பகுதியை ஓட்டிவிடுகிறார்கள் என்று கேள்வி. ஆகவே 'வாசகர்களுக்கு இதெல்லாம் வேண்டாம்' என்று உங்கள் ஆட்கள் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சாளக்கிராமத்தின் உறவுக்காரர்களைப் பார்க்க நேபாளம் போக வேண்டியதில்லை என்பதையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்குப் போங்கள். பஸ் நிறுத்தத்தில் இறங்கிக் கேட்டால் "அங்க என்னா சார் இருக்கு, வெறும் பொட்டல்" என்பார்கள். அந்தப் பொட்டலில்தான் இருக்கிறது. சாம்பலும் பழுப்புமான களிமண், மழை அறுத்த ஓடைகள், ஓடைக்குள் ஓடை, கத்தி முனை மாதிரி வரப்புகள். மரம் மட்டை இல்லாததால் மழை விழுந்த இடத்திலெல்லாம் அறுக்கிறது. ஒரு நல்ல மழைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கொலராடோ பல லட்சம் ஆண்டில் செய்கிற வேலையை இங்கே ஒரு ஐப்பசிக்குள் பார்த்துவிடலாம்.

அந்தக் களிமண் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அன்று அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் கடல். மண்ணில் கண்ணாடித் தகடு தகடாக மின்னுவது ஜிப்சம். துப்பாக்கிக் குண்டு மாதிரி கூம்பாகக் கிடப்பது பெலம்னைட், அதுவும் கணவாய் இனத்தின் உள்ளெலும்பு. சுருள் ஓடுகளும் கிடைக்கும், ஆச்சியின் சாளக்கிராமத்துக்குப் பங்காளிகள், வயதில் கொஞ்சம் இளையவை. 1840-களிலேயே இந்தப் பகுதியில் பொறுக்கிய ஓடுகள் லண்டனுக்குப் போய், 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற ஆய்வாளர் அவற்றை விவரித்து எழுதினார். 1860-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு வரைபடம் போட்டார், அதே துறையின் ஸ்டோலிஸ்கா ஒவ்வொரு ஓடாகப் படம் வரைந்து பதிவு செய்தார். பக்கத்திலேயே சாத்தனூரில் கல்லான மரம், 18 மீட்டர் நீளம், 1940-ல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. உலகத்துக்கு அரியலூர் தெரிந்து 180 வருடம் ஆகப்போகிறது. நமக்கு அது சிமெண்ட் ஊர்.

காரையில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: விடிந்த முதல் மணி நேரம்தான், அதற்குமேல் ஜிப்சம் கண்ணைப் பறிக்கும். ஓடுகளைப் படம் எடுங்கள், பையில் போடாதீர்கள். எந்தப் படிவிலிருந்து எடுத்தது என்பது போய்விட்டால் அது அலமாரிப் பொருள். பக்கத்தில் லென்ஸ் மூடியை வைத்து எடுங்கள், அளவு தெரியும். நிலவியல்காரர்கள் தங்கள் படத்திலெல்லாம் ஒரு சுத்தியலை வைத்திருப்பார்கள், மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நான் முன்பு நினைத்துக்கொள்வதுண்டு.

எங்கள் செட்டிநாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். கேமராவோடு காரைக்குடிக்கு வருகிறவர்கள் கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டுக்கு அடியில் இருப்பதை யாரும் எடுப்பதில்லை. இந்த மண் செம்புறாங்கல் மண். காலம் காலமாக மழையும் வெயிலும் மாறி மாறி அடித்து, கல்லில் இருந்த மணல்சத்தைக் கரைத்துக்கொண்டு போய், இரும்பையும் அலுமினியத்தையும் விட்டுவிட்டுப் போனதால் வந்த கல். வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகும். ஊருணி வெட்டின பக்கச் சுவரைச் சாயங்காலம் பாருங்கள், கண்டிகோட்டாவின் அதே துருச் சிவப்பு. இரண்டுக்கும் காரணம் இரும்புதான்.

மலை என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குக் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம், கொஞ்சம் தள்ளி பாரியின் பறம்பான பிரான்மலை. சின்னவைதான். ஆனால் சின்னது என்பதால் புதியது இல்லை. மதுரை, புதுக்கோட்டை வட்டாரப் பாறைகள் கடைசியாகப் பெரும் வெப்பமும் அழுத்தமும் கண்டது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்த மொட்டைக் குன்றுகள் மேலே குவிந்தவை அல்ல. மேலே இருந்ததெல்லாம் அரிபட்டுப் போனபின் மிஞ்சியவை. மேல் பாரம் இறங்கியதும் பாறை விரிந்து தகடு தகடாக உரிகிறது. நார்த்தாமலையில், மதுரை ஆனைமலையில், திருமயத்தில் அந்த உரிந்த தகடுகளைக் காலால் மிதித்தே பார்க்கலாம்.

அந்த ஆனைமலையைத்தான் மேலே சொன்ன அதே டிரைப் 1858 ஜனவரி, பிப்ரவரியில் படம் எடுத்தார். அப்போது மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபர். காகித நெகட்டிவ். மலையின் ஓரப் பார்வை, யானை படுத்திருப்பது தெரிகிறது. இன்றும் அந்தப் படத்துக்கு மதிப்பு எதனால்? எங்கே, எப்போது என்பது கூடவே இருப்பதால். அமெரிக்காவில் 1889-90-ல் ராபர்ட் ஸ்டாண்டன் என்ற பொறியாளர் கொலராடோ ஆற்றோரமாக ரயில் விடலாமா என்று பார்க்கப் போய், பள்ளத்தாக்கு நெடுகப் படம் எடுத்துக்கொண்டே போனார். ரயில் வரவில்லை. நூறு ஆண்டு கழித்து நிலவியலாளர்கள் அதே இடங்களில் போய் நின்று அதே கோணத்தில் எடுத்து, எந்தப் பாறை நகர்ந்தது, எந்தச் செடி புதிதாக வந்தது, எந்தச் செடி அதே இடத்தில் இன்னும் நிற்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ரயிலுக்காக எடுத்த படம் மலைக்கு உதவியது.

எங்கள் கடையில் நெகட்டிவ் கவரில் ஊர், தேதி எழுதுவது வழக்கம். மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது ரோலில் மிச்சமிருந்த பிரேமில் ரோட்டோரக் குன்று ஒன்றை எடுத்திருந்தேன். கவரில் ஊரும் தேதியும் இருக்கிறது. குன்று இல்லை. அங்கே இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கிற குழி. மேலூர் கிரானைட் குவாரி விவகாரம் 2012-ல் வெளியே வந்தபோது எல்லாப் பத்திரிகையும் குழியைப் படம் போட்டன, நீங்களும் போட்டீர்கள். குழிக்கு முந்திய படம் எத்தனை பேரிடம் இருந்தது? மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர்ஊராக ஜனங்கள் திரண்டு நின்ற பிறகு 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த நேரத்தில் அந்தக் குன்றுகளில் சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் குடைவரையும் வல்லூறும் சுனைகளும் இருப்பதை ஜனங்கள் வரிசையாகச் சொன்னார்கள். பாறையைப் பற்றிச் சொன்னவர்கள் குறைவு. சுனையில் தண்ணீர் ஊறுவதே பாறையின் வெடிப்பால்தான்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. இனி மலைப்படம் போட்டால் பாறையின் பெயர், ஏறத்தாழ வயது, அறுத்த ஆறு, எடுத்த மாதம், நேரம், எந்தத் திசையிலிருந்து என்பதை இரண்டு வரியில் போடுங்கள். இடம் போதாது என்பீர்கள். 'மனதை மயக்கும்' என்பதை எடுத்துவிட்டாலே பாதி இடம் கிடைக்கும். வயதைப் பல்கலைக்கழக நிலவியல் துறையில் யாரிடமாவது கேட்டுப் போடுங்கள், வாட்ஸ்அப்பில் வருவதைப் போடாதீர்கள். மாதத்துக்கு ஒரு முறையாவது நம் பக்கத்துக் குன்று ஒன்றைப் போடுங்கள், எடுத்த இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிட்டு. அதே இடத்தில் நின்று எடுத்த பழைய படம் வைத்திருக்கும் வாசகர்களை அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பெட்டிகளில் என்னென்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும், வரும்.

மாதிரிக்கு ஒரு படம் இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே போட வேண்டியது இது: 'திருமயம் குன்று, தென்மேற்கிலிருந்து. மார்கழி, காலை ஏழரை மணி. பூமிக்குள் ஆழத்தில் உருவாகி, மேலிருந்த பாறை அரிபட்டபின் வெளிவந்த கருங்கல். இடப்புறச் சரிவில் உரிந்த தகடுகள். மேலே 1687-ல் கட்டிய சேதுபதி கோட்டை. அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்.' பத்தி அகலத்துக்குப் படம் பெரிதாக இருந்தால் வானத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவரை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அவர் உயரம் ஐந்தடி நாலு அங்குலம், கேட்டு எழுதி வைத்திருக்கிறேன், குன்றை அதை வைத்துத்தான் அளக்க வேண்டும். சிவப்பை ஏற்ற வேண்டாம் என்று லேஅவுட் தம்பியிடம் சொல்லுங்கள், அது கருங்கல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டுடியோக்காரர்,
காரைக்குடி.